கம்யூனிட்டி காலேஜில் பொது சுகாதாரமும் சுகாதாரக் கல்வியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களில் கம்யூனிட்டி காலேஜ், அதாவது உள்ளூரில் இருக்கும் இரண்டு வருடப் பொதுக் கல்லூரி, என்றாலே இன்னும் பலர் முகம் சுளிக்கிறார்கள். பொது சுகாதாரம் என்றால் என்ன படிப்பு என்றும் பலருக்குத் தெளிவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேள்விகள் வரிசை கட்டி வரும். அவற்றில் அடிக்கடி வருகிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். கட்டணம், சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் கலிஃபோர்னியாவுக்கானவை, எனக்குப் பழகிய மாநிலம் அதுதான். வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் அந்த எண்களை மட்டும் உங்கள் ஊர்க் கல்லூரியில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்தால் டாக்டர் ஆகலாமா, நர்ஸ் ஆகலாமா?

இரண்டும் ஆக முடியாது. மருத்துவர் முன்னால் ஒரு நோயாளி உட்கார்ந்திருப்பார். பொது சுகாதாரத்தில் இருப்பவர் ஒரு ஊரையே முன்னால் வைத்துப் பார்க்க வேண்டும். மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் அந்த நகரம் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்க ஆரம்பித்தது. குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களில் இருந்த ஈயம் கரைந்து வீட்டுத் தண்ணீரில் வந்தது. தண்ணீர் நிறம் மாறியிருக்கிறது, நாற்றமடிக்கிறது என்று மக்கள் ஒரு வருடத்துக்கும் மேலாகப் புகார் சொல்லியும் அதிகாரிகள் மறுத்துக்கொண்டே இருந்தார்கள். 2015-இல் மோனா ஹன்னா-அட்டிஷா என்ற குழந்தை மருத்துவர், மருத்துவமனைப் பதிவில் ஏற்கெனவே கிடந்த ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தண்ணீர் மாறியதற்கு முன், பின் என்று பிரித்து ஒப்பிட்டுக் காட்டினார். அதன் பிறகுதான் அரசு வழிக்கு வந்தது.

ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருந்தால் அதற்குச் சிகிச்சை தருவது மருத்துவம். இந்தத் தெருக் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் ஈயம் ஏறுகிறது என்று கேட்டுக்கொண்டு போவது பொது சுகாதாரம். அங்கே அவர் செய்தது இந்த இரண்டாவது வேலை.

நர்ஸிங்தான் வேண்டும் என்று உறுதியாக இருந்தால் நேராக நர்ஸிங்குக்கான முன்தேவை வகுப்புகளைப் பாருங்கள். உடற்கூறியல், புள்ளியியல், உளவியல் போன்ற சில வகுப்புகள் இரண்டுக்கும் பொதுவானவை என்பதால் பாதியில் மனம் மாறினாலும் எல்லாம் வீணாகாது.

சுகாதாரக் கல்வி வேறு, பொது சுகாதாரம் வேறா?

பொது சுகாதாரம் பெரிய குடை. தொற்றுநோயியல், தண்ணீர், காற்று, உணவுப் பாதுகாப்பு, கொள்கை, புள்ளிவிவரம் எல்லாம் அதற்குள் வரும். தகவலை மக்களிடம் கொண்டுபோய், பழக்கத்தை மாற்ற உதவும் பகுதிதான் சுகாதாரக் கல்வி. கம்யூனிட்டி காலேஜில் பல இடங்களில் இரண்டையும் ஒரே துறைதான் நடத்தும். துறையின் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், வகுப்புப் பட்டியலைப் பாருங்கள்.

கை கழுவு, காய்கறி சாப்பிடு என்று சொல்வதற்கு ஒரு படிப்பா?

எங்கள் வீட்டிலும் கேட்ட கேள்விதான் இது. இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1950-களில் அமெரிக்கப் பொது சுகாதாரச் சேவை, காசநோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளைக் குடியிருப்புகளுக்கே அனுப்பியது. காசு கேட்கவில்லை. வண்டி வீட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. அப்படியும் நிறையப் பேர் வரவில்லை. சொன்னால் போதும், மக்கள் கேட்பார்கள் என்ற நினைப்பு அங்கேயே அடிபட்டுப் போயிற்று.

அந்தச் சேவையில் இருந்த காட்ஃப்ரி ஹாக்பாம் உள்ளிட்ட சமூக உளவியலாளர்கள் யார் வந்தார்கள், யார் வரவில்லை, ஏன் என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். நமக்கும் இந்த நோய் வரலாம் என்று நம்பியவர்கள், அதோடு சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் உண்டு என்றும் நம்பியவர்கள், மற்றவர்களைவிட மிக அதிகமாக வந்திருந்தார்கள். இதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று முதல் செமஸ்டரிலேயே சொல்லிக்கொடுக்கும் ஹெல்த் பிலீஃப் மாடல். ஒருவர் ஒரு காரியத்தைச் செய்யாமல் இருந்தால் அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று நினைக்காதே என்பது அதன் சுருக்கம். ஆபத்து தனக்கு இல்லை என்று நினைக்கிறாரா, பலன் இல்லை என்று நினைக்கிறாரா, செய்யப்போனால் வேலை நேரம், பணம், பயம், வெட்கம் எது குறுக்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கோவிட் தடுப்பூசி வந்தபோது நம் வாட்ஸ்அப் குழுக்களில் நடந்த சண்டைகளை நினைத்துப் பாருங்கள். அங்கே தகவலுக்குப் பஞ்சமே இல்லை.

எத்தனை வருடப் படிப்பு?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. இதற்குத் தவறான பதிலோடு சேர்ந்துவிட்டு ஒரு வருடத்தை இழப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ஒரே துறையில், ஒரே ஆசிரியர்களிடம், இரண்டு தனித்தனிப் பாதைகள் ஓடுகின்றன.

முதலாவது வேலைக்கான சர்டிஃபிகேட். மக்களுக்கும் மருத்துவ அமைப்புக்கும் நடுவே நின்று உதவுபவரைச் சமூக சுகாதாரப் பணியாளர் என்பார்கள், அதற்கான சர்டிஃபிகேட்தான் இதில் அதிகம் பேசப்படுவது. பெரும்பாலும் இரண்டு, மூன்று செமஸ்டர்களில் முடியும். சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ் 1992 முதல் இதை நடத்துகிறது, நாட்டிலேயே முன்னோடி. நேர்காணல், ஒவ்வொருவரின் தேவையையும் கவனிக்கும் கேஸ் ஒர்க், களப் பயிற்சி என்று கைவேலையாக இருக்கும்.

இரண்டாவது நான்கு வருடப் பட்டத்துக்கான பாதி வழி. கலிஃபோர்னியாவில் 2010-இல் வந்த எஸ்.பி. 1440 என்ற சட்டம், டிரான்ஸ்ஃபருக்கென்றே, அதாவது பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே, அசோசியேட் டிகிரி என்ற இரண்டு வருடப் பட்டத்தை உருவாக்கியது. பப்ளிக் ஹெல்த் சயன்ஸ் என்ற பெயரில் அது பல கல்லூரிகளில் இருக்கிறது. 60 யூனிட் (பாடங்களை அளக்கும் கணக்கு) முடித்து, தேவையான மதிப்பெண்ணும் இருந்தால், கால் ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பில் ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி. அங்கே இன்னொரு 60 யூனிட்டில் இளநிலைப் பட்டம் முடியும்படி வைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், ஏதாவது ஒரு வளாகத்தில்தான். நீங்கள் விரும்பும் வளாகம் என்று சட்டம் சொல்லவில்லை.

சிக்கல் என்னவென்றால், சர்டிஃபிகேட்டில் எடுக்கும் பல வகுப்புகள் டிரான்ஸ்ஃபர் பட்டியலில் வெறும் விருப்பப்பாடமாக நிற்கும். டிரான்ஸ்ஃபருக்குக் கேட்கும் வேதியியலும் உயிரியலும் சர்டிஃபிகேட்டுக்குத் தேவையே இல்லை. ஒரு வருடத்தில் வேலை வேண்டுமா, நான்கு வருடத்தில் பட்டம் வேண்டுமா என்பதை முதலில் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். இரண்டும் வேண்டும் என்றால் முடியும், ஆனால் எது முதலில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

வகுப்பில் அப்படி என்னதான் சொல்லிக்கொடுப்பார்கள்?

டிரான்ஸ்ஃபர் பாதையில் பொது சுகாதார அறிமுகம், தனிநபர் ஆரோக்கியம், ஆரோக்கியமும் சமூக நீதியும், புள்ளியியல், உளவியல், உயிரியல், வேதியியல் என்று போகும். கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும்.

அறிமுக வகுப்பில் 1854 லண்டன் காலரா வராமல் இருக்காது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், இறந்தவர்களின் வீடுகளைக் கணக்கெடுத்து, பிராட் தெருத் தண்ணீர்ப் பம்பைச் சுட்டிக்காட்டியது, அதன் கைப்பிடியைக் கழற்றியது எல்லாம் சொல்வார்கள். நல்ல ஆசிரியராக இருந்தால், கைப்பிடியைக் கழற்றும்போதே நோய் இறங்க ஆரம்பித்துவிட்டது, அப்படியானால் அதைக் கழற்றியதால்தான் நின்றது என்று சொல்லலாமா என்றும் கேட்பார். அந்தக் கேள்வியில்தான் தொற்றுநோயியல் தொடங்குகிறது.

சமூக நீதி வகுப்பை அரசியல் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1932-இலிருந்து 1972 வரை அலபாமாவின் டஸ்கீகியில், சிஃபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தருவதாகச் சொல்லிவிட்டு, நோய் எப்படி முற்றுகிறது என்று வேடிக்கை பார்த்தது இதே பொது சுகாதாரச் சேவை. 1940-களில் பெனிசிலின் வந்த பிறகும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. இது தெரியாமல் ஒருவர் கறுப்பினக் குடியிருப்பில் போய் நின்று, "அரசாங்கம் சொல்லுது, ஊசி போட்டுக்குங்க" என்றால் கதவு ஏன் சாத்தப்படுகிறது என்று அவருக்குப் புரியவே புரியாது.

நேர்காணல் வகுப்பு என்று ஒன்று இருக்கிறதாமே, பேசுவதற்கு என்ன பயிற்சி?

சர்டிஃபிகேட் பாதையில் இருப்பதிலேயே கஷ்டமான வகுப்பு அதுதான், குறிப்பாக நமக்கு. அறிவுரை சொல்லாமல் நம்மால் ஐந்து நிமிடம் இருக்க முடியுமா?

வில்லியம் மில்லர், ஸ்டீஃபன் ரோல்னிக் இருவரும் வளர்த்தெடுத்த மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் என்ற முறையை இதில் பழக்குவார்கள். இரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் சர்க்கரை நோயாளி, மற்றவர் பணியாளர் என்று நடிக்கச் சொல்வார்கள். மூன்றாவது ஆள் ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே இருப்பார். ஆம், இல்லை என்று முடியும் கேள்விக்கு ஒரு பக்கம், விரிவாகப் பதில் சொல்ல வைக்கும் கேள்விக்கு இன்னொரு பக்கம். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா?" என்றால் "சாப்பிடுறேன்" என்று பதில் வரும், கதை முடிந்தது. "மாத்திரை விஷயத்துல உங்களுக்கு எது சிரமமா இருக்கு?" என்று கேட்டால், "நைட் ஷிஃப்ட்ல இருக்கேன், எதை ராத்திரிச் சாப்பாடுன்னு கணக்கு வைக்கிறதுன்னே தெரியலை" என்று வரும். இப்போது பேச ஒரு விஷயம் கிடைத்தது.

அப்புறம், அவர் சொன்னதை நம் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிதானா என்று கேட்க வேண்டும். வீட்டுக்குப் போய் என்ன செய்யப்போகிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்பது தடை, ஏனென்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். முதல் சில வாரங்களில் கோடு போட்ட தாளைப் பார்த்தால் வெட்கமாகத்தான் இருக்கும்.

கணக்கு வராது. புள்ளியியல் கட்டாயமா?

டிரான்ஸ்ஃபருக்குக் கட்டாயம். சர்டிஃபிகேட்டுக்குப் பெரும்பாலும் இல்லை. ஏ.பி. 705 என்ற 2017 சட்டத்துக்குப் பிறகு கலிஃபோர்னியாவில் அடிப்படைக் கணக்கு வகுப்புகளில் இரண்டு செமஸ்டர் காத்திருக்கத் தேவையில்லை, நேரடியாகப் புள்ளியியலில் சேரலாம். தேவைப்பட்டால் கூடவே ஒரு துணை வகுப்பு தருவார்கள், அதை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். கால்குலஸ் பயம் வேண்டாம், இங்கே வருவது சராசரி, பரவல், நிகழ்தகவு, மாதிரியை வைத்து மொத்தத்தைப் பற்றிப் பேசுவது. டீன் பருவத்தில் கணக்கைக் கண்டு ஓடியவர்கள் முப்பது வயதில் இதில் நன்றாகவே தேறுகிறார்கள்.

செலவு எவ்வளவு?

கலிஃபோர்னியா வசிப்பிடத் தகுதி இருந்தால் ஒரு யூனிட் 46 டாலர். 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். இது இரண்டு வருடத்துக்கும் சேர்த்து. மேலே சின்னச் சின்னக் கட்டணங்கள், பார்க்கிங், புத்தகம். வருமானம் குறைவாக இருந்தால் கலிஃபோர்னியா காலேஜ் பிராமிஸ் கிரான்ட் அந்த 46 டாலரையும் தள்ளுபடி செய்துவிடும். சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்தில் வசிப்பவர்களுக்கு அங்குள்ள சிட்டி காலேஜ் 2017-இல் கட்டணமில்லாத திட்டத்தைத் தொடங்கியது.

குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்கள் ஃபாஃப்ஸா என்ற மத்திய அரசு உதவித்தொகைப் படிவத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். மத்திய அரசின் பெல் கிரான்ட் 2025–26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். கல்லூரிக் கட்டணத்தைவிட அதிகமாகக் கிடைத்தால் மிச்சம் உங்கள் கைக்கே வரும், புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் ஆகும். "நமக்கெல்லாம் கிடைக்காது" என்று நிரப்பாமல் விடுவது நம்மவர்களின் பழக்கம்.

வசிப்பிடத் தகுதி இல்லாவிட்டால் ஒரு யூனிட் பெரும்பாலும் 300 டாலருக்கு மேல் போகும். அங்கே கணக்கே வேறு.

புத்தகச் செலவுக்கு ஒரு வழி உண்டு. வகுப்பு அட்டவணையில் புத்தகச் செலவு இல்லை என்ற குறி போட்ட வகுப்புகளைத் தேடுங்கள். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட புள்ளியியல், உடற்கூறியல் புத்தகங்கள் இலவசம், பல ஆசிரியர்கள் அதையே பாடநூலாக வைத்திருக்கிறார்கள்.

நான் எச்-4 விசாவில் இருக்கிறேன். படிக்கலாமா?

தாராளமாக. எச்-1பி வேலை விசாவில் இருப்பவரின் துணைக்கும் பிள்ளைகளுக்குமான எச்-4 இல் இருந்துகொண்டே பகுதி நேரமாகவோ முழு நேரமாகவோ படிக்கலாம், எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் எச்-4 இல் இருப்பவர்கள் வசிப்பிடத் தகுதியும் பெற முடியும். செமஸ்டர் தொடங்குவதற்கு முன் ஒரு வருடத்துக்கும் மேலாக மாநிலத்தில் இருந்திருக்க வேண்டும், இங்கேயே தங்கும் எண்ணத்தைக் காட்ட ஓட்டுநர் உரிமம், வரித் தாக்கல் மாதிரி ஆவணங்கள் வேண்டும். சேர்க்கை அலுவலகத்தில் முதலில் இருப்பவர் "விசா என்றால் வெளி மாநிலக் கட்டணம்தான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவது உண்டு. அப்படிச் சொன்னால், வசிப்பிடத்தைத் தீர்மானிக்கும் அலுவலரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

மத்திய அரசு உதவித்தொகை கிடைக்காது. சம்பளம் வாங்கும் வேலைக்கு எச்-4 வேலை அனுமதி அட்டை வேண்டும். எச்-1பி இல் இருக்கும் துணையின் ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் தரும் மனு) ஏற்கப்பட்டிருந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம், 2015-இல் வந்த விதி அது. அனுமதி இல்லாதவர்கள், கட்டாயக் களப் பயிற்சி உள்ள சர்டிஃபிகேட்டில் சேரும் முன்பே, அது வேலையாகக் கருதப்படுமா என்று ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது. சம்பளமில்லை என்பதாலேயே எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது.

பிள்ளைகள் எச்-4 இல் இருந்தால் இன்னொன்று: 21 வயதில் அந்த அந்தஸ்து முடிந்துவிடும். இரண்டாம் வருடப் படிப்பின் நடுவில் அது வந்து நிற்கும்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 விசாவில் நேராகக் கம்யூனிட்டி காலேஜுக்கு வரலாமா?

வரலாம். மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைத் தரும் கல்லூரிகள் நிறைய உண்டு. செமஸ்டருக்கு 12 யூனிட் முழுநேரம் கட்டாயம், முதல் கல்வியாண்டில் வளாகத்துக்கு வெளியே வேலை கூடாது, வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை. கட்டணம் வெளி மாநிலக் கணக்கில்தான்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். படிப்புக்குப் பிறகு மூன்று வருடம் வேலை பார்க்கலாம் என்ற கணக்கில் வருபவர்கள், முதல் 12 மாதத்துக்கு மேல் கிடைக்கும் நீட்டிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள பாடங்களுக்கு மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். எபிடெமியாலஜியும் (தொற்றுநோயியல்) பயோஸ்டாட்டிஸ்டிக்ஸும் (உயிர்ப் புள்ளியியல்) அந்தப் பட்டியலில் உண்டு. பொதுவான பப்ளிக் ஹெல்த்தும் சமூக சுகாதாரக் கல்வியும் இல்லை. அவற்றுக்கு 12 மாதம்தான்.

ஊரில் ஏற்கெனவே பி.எஸ்ஸி., பி.டி.எஸ். முடித்திருக்கிறேன். திரும்ப முதலிலிருந்தா?

வேண்டாம். இளநிலைப் பட்டம் இருப்பவர் இன்னொரு அசோசியேட் டிகிரி வாங்குவதில் பெரிய பயன் இல்லை. முதலில் பட்டத்தை டபிள்யூ.இ.எஸ். மாதிரி ஒரு நிறுவனத்திடம் மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். அதன் பிறகு இரண்டு வழி. நேராக எம்.பி.எச். என்ற பொது சுகாதார முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். அல்லது வேலை அனுமதி இருந்தால், சமூக சுகாதாரப் பணியாளர் சர்டிஃபிகேட்டை மட்டும் முடித்து, இங்குள்ள மருத்துவ அமைப்பு எப்படி ஓடுகிறது என்று உள்ளே இருந்து பார்த்துவிட்டு அப்புறம் எம்.பி.எச். பற்றி யோசிக்கலாம். ஊரில் பல் மருத்துவராக இருந்தவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இன்ஷூரன்ஸ், மெடிக்கெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு), கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கிளினிக் என்ற இந்தச் சிக்கல் எல்லாம் எம்.பி.எச். புத்தகத்தைவிடக் கிளினிக்கின் முன் மேசையில் நன்றாகப் புரியும்.

தமிழ் தெரிவது இதில் உதவுமா?

உதவும், ஆனால் எதிர்பார்க்கும் விதத்தில் அல்ல. தமிழ் மட்டுமே தெரிந்தவர்களுக்காகத் தனி வேலை அறிவிப்பு வருவது அபூர்வம். கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷ் தெரிந்தால் வேலை கிடைப்பது சுலபம், வாய்ப்பிருந்தால் இரண்டு செமஸ்டர் ஸ்பானிஷ் எடுங்கள்.

உண்மையான பயன் வேறு இடத்தில். தெற்காசியர்களுக்கு ஒல்லியாக இருந்தாலும் சர்க்கரை நோயும் இதய நோயும் சீக்கிரம் வருகின்றன. அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015 முதல், ஆசிய அமெரிக்கர்களுக்குப் பரிசோதனை தொடங்கும் உடல் நிறை எண்ணை (பி.எம்.ஐ.) 25-க்குப் பதில் 23 என்று குறைத்தது. இங்கே பல கையேடுகள் இன்னும் 25 என்றே சொல்கின்றன, தட்டின் படத்தில் சோறே இருக்காது. நம் சங்கத்து மருத்துவ முகாமில் அந்தக் கையேட்டை நீட்டினால் ஒருவரும் படிக்க மாட்டார்கள். ஒரு வகுப்புப் பணிக்காக நம் குடும்பங்களின் ஒரு நாள் சாப்பாட்டை வைத்து ஒரு பக்கக் கையேடு தயார் செய்து பாருங்கள். ஆசிரியர்கள் இந்த மாதிரி வேலையை விரும்புவார்கள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் காட்டலாம்.

கூடப் படிப்பவர்கள் எப்படிப்பட்டவர்கள்? மகளை அனுப்பப் பயமாக இருக்கிறது.

18 வயதிலிருந்து 60 வயது வரை இருப்பார்கள். போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர், சிறையிலிருந்து வந்தவர், வீடில்லாமல் இருந்தவர் பக்கத்து நாற்காலியில் இருக்கலாம். இந்தத் துறை அந்த அனுபவத்தைத் தகுதியாகவே பார்க்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 2006-இல் தொடங்கிய டிரான்சிஷன்ஸ் கிளினிக், சிறையிலிருந்து வெளிவரும் நோயாளிகளுக்கு உதவ, சிறை அனுபவம் உள்ளவர்களையே சமூக சுகாதாரப் பணியாளர்களாக வைத்தது. வெளியே வந்தவரின் முதல் வாரம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும், உங்களுக்கும் எனக்கும் தெரியாது. உங்கள் மகள் அங்கே கற்றுக்கொள்வதில் பாதி இவர்களிடமிருந்துதான் வரும். பயப்பட ஒன்றுமில்லை.

வேலை கிடைக்குமா? சம்பளம்?

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகத்தின் 2023 மே கணக்கில், சமூக சுகாதாரப் பணியாளரின் இடைநிலைச் சம்பளம் வருடத்துக்கு 48,200 டாலர், சுகாதாரக் கல்வி நிபுணருக்கு 62,860 டாலர். இரண்டாவது வேலைக்குப் பொதுவாக இளநிலைப் பட்டம் கேட்பார்கள். ஐ.டி. சம்பளத்தோடு ஒப்பிட்டுவிட்டு வருந்துவதில் அர்த்தமில்லை, சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியா வாடகைக்கு இது தனியாகப் போதாது என்பதும் உண்மை.

நல்ல செய்தி: 2022 ஜூலை முதல் கலிஃபோர்னியாவின் மெடிக்கெய்ட் திட்டமான மெடி-கால், சமூக சுகாதாரப் பணியாளரின் சேவைக்குப் பணம் தருகிறது. அதற்கு முன்பு இந்த வேலைகள் பெரும்பாலும் மானியத்தில்தான் ஓடின. மானியம் முடிந்தால் வேலையும் முடியும். மெடி-கால் கணக்கில் வேலை செய்ய ஒரு சர்டிஃபிகேட் வேண்டும், அல்லது கடைசி மூன்று வருடத்தில் 2,000 மணி நேர அனுபவம். அனுபவத்தை வைத்து வருபவர்களும் 18 மாதத்துக்குள் சர்டிஃபிகேட் வாங்கிவிட வேண்டும். டெக்சஸில் மாநிலமே 160 மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு சான்று தருகிறது.

கெட்ட செய்தி: 2025 மார்ச்சில் மத்திய சுகாதாரத் துறை 10,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. கோவிட் காலத்தில் மாநிலங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 1,100 கோடி டாலருக்கு மேல் திரும்பப் பெறவும் முயன்றது, மாநிலங்கள் நீதிமன்றம் போயின. கவுண்டி சுகாதாரத் துறைகளில் ஆள் எடுப்பது இதனால் தள்ளாடுகிறது. இப்போது சேருபவர்கள் கவுண்டி வேலையை மட்டும் நம்பாமல் சமூக கிளினிக், மருத்துவமனை, இன்ஷூரன்ஸ் நிறுவனம், பள்ளி மாவட்டம் ஆகியவற்றையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சி.எச்.இ.எஸ். தேர்வை அசோசியேட் டிகிரியோடு எழுதலாமா?

முடியாது. அது சுகாதாரக் கல்வி நிபுணருக்கான சான்றிதழ்த் தேர்வு. குறைந்தது இளநிலைப் பட்டமும், சுகாதாரக் கல்வியில் 25 செமஸ்டர் கிரெடிட்டும் வேண்டும். 165 கேள்விகள், அதில் 150-க்குத்தான் மதிப்பெண். ஏப்ரலிலும் அக்டோபரிலும் நடக்கும். இரண்டு வருடத்தில் இந்தச் சான்றிதழ் கிடைக்கும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

யூ.சி.க்கு டிரான்ஸ்ஃபர் ஆக முடியுமா?

முடியும், ஆனால் கால் ஸ்டேட்டுக்குச் சொன்ன உத்தரவாதம் யூ.சி. என்ற கலிஃபோர்னியா பல்கலைக்கழக அமைப்பில் அப்படியே பொருந்தாது. டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் டி.ஏ.ஜி. என்ற உத்தரவாதம் தருகின்றன, அதற்கு செப்டம்பர் மாதமே தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இர்வைனில் பொது சுகாதாரத்துக்கு இளநிலைப் பட்டங்கள் உண்டு, பெர்க்லியிலும் உண்டு, ஆனால் பெர்க்லி டி.ஏ.ஜி.யில் இல்லை. எந்த வகுப்பு எங்கே செல்லும் என்பதை அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் கல்லூரி வாரியாகப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை எடுத்த வகுப்புகளைப் பார்த்து நீங்களும் எடுக்காதீர்கள், அவர் போன வருடத்து விதி வேறாக இருந்திருக்கும். 2025 இலையுதிர் செமஸ்டரிலிருந்து பொதுக்கல்விப் பட்டியலே கால்-கெட்சி என்று மாறியிருக்கிறது.

கவுன்சிலரிடம் என்ன கேட்க வேண்டும்?

"நான் என்ன எடுக்கலாம்?" என்று கேட்டால் ஏதாவது ஒரு பட்டியல் வரும். அப்படிக் கேட்காமல், போக வேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வரச் சொல்லுங்கள். "2028-இல் சான் ஹோசே ஸ்டேட்டில் பப்ளிக் ஹெல்த்தில் சேர வேண்டும், செமஸ்டர் வாரியாகத் திட்டம் போட்டுத் தாருங்கள்" என்று கேட்டால் பேச்சு வேறு மாதிரி போகும். களப் பயிற்சி எந்த செமஸ்டரில், அதற்குக் காசநோய்ப் பரிசோதனை, தடுப்பூசி, பின்னணிச் சரிபார்ப்பு எது வேண்டும், மாலை நேரத்தில் இடம் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்கள் பலர் இடறி விழுவது களப் பயிற்சியில்தான், கிளினிக்குகள் பகலில்தானே இயங்கும்.

எல்லாம் ஆன்லைனில் முடிக்கலாமா?

அறிமுக வகுப்பு, சமூக நீதி, புள்ளியியல் எல்லாம் ஆன்லைனில் கிடைக்கும். உடற்கூறியல் ஆய்வகத்தை ஆன்லைனில் எடுத்தால் சில மேற்படிப்புகள் ஏற்பதில்லை, முதலில் விசாரியுங்கள். நேர்காணல் வகுப்பை நேரில்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. எதிரில் இருப்பவர் விரலால் மேசையைத் தட்டிக்கொண்டிருப்பது ஜூமில் தெரியாது.

சரி, பிடிக்குமா என்றே தெரியவில்லை. ஒரே ஒரு வகுப்பு எடுத்துப் பார்க்கலாமா?

அதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். பொது சுகாதார அறிமுகம் பெரும்பாலும் 3 யூனிட், கலிஃபோர்னியா கணக்கில் 138 டாலர். பள்ளியில் படிக்கும் பிள்ளையாக இருந்தால், பள்ளி அனுமதியோடு சேரலாம், பெரும்பாலான கல்லூரிகள் அவர்களிடம் இந்தக் கட்டணம் வாங்குவதில்லை. முழு செமஸ்டர் வகுப்பாக இருந்தால் பிடிக்காதவர்கள் முதல் இரண்டு வாரத்துக்குள் விலகிவிடலாம், மதிப்பெண் பட்டியலில் ஒன்றும் வராது. விலகும் கடைசித் தேதி வகுப்புக்கு வகுப்பு மாறும், கல்லூரிக் கணக்கில் அந்த வகுப்பின் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். எஃப்-1 இல் இருப்பவர்கள் மட்டும் இப்படி ஒரு வகுப்போடு நிற்க முடியாது. அந்த 12 யூனிட்டில் ஒன்றாக இதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.